சுரேந்திரநாதரும் சிவில் சர்வீசுத் தேர்வும்

விண்ணப்பத் தாளில் எழுத வேண்டிய செய்திகளுள் மிகவும் எளியது வயது என்றே எவரும் எண்ணுவர். பெயரை எழுதி, தந்தையின் பெயரை எழுதி, அடுத்த இடத்தில் ஓர் எண்ணைக் குறித்துவிட்டால் அவ்வேலை முடிந்தது. ஆயினும் அவ்வோர் எண்ணே ஒருவர் அரிதின் முயன்று பெற்ற வெற்றியைப் பறித்து, அவரை நீதிமன்றத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. சில ஆண்டுகள் கழித்து, அதே வயதுக் கணக்கு ஒரு பெருநாட்டின் பல பகுதி மக்களையும் முதன்முறையாக ஒரே குரலிற் பேசச் செய்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நடுநாயகமாக நின்றவர் வங்கநாட்டுப் பெருந்தலைவர் சுரேந்திரநாத பானர்ஜி.

சுரேந்திரநாதர் 1848-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். அவருடைய குடும்பம் குலீன அந்தணர் குடும்பம். பாட்டனார் பழைய ஆசாரங்களில் ஊறியவர். தந்தையார் துர்க்காசரணரோ ஆங்கில மருத்துவம் கற்றுப் புகழ் பெற்றவர். புதிய கல்வியிலும் புதிய எண்ணங்களிலும் பெரும்பற்றுடையவர். ஒரே கூரையின்கீழ் இருவேறு உலகங்கள் வாழ்ந்தன. பாட்டனாரின் கட்டுப்பாட்டையும் தந்தையாரின் துணிவையும் ஒருங்கே கண்டு அப்பிள்ளை வளர்ந்தது. ஆங்கிலோ-இந்தியச் சிறுவர் மிகுதியாகப் பயின்ற பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டமையால், ஆங்கிலம் அவர் நாவில் இளமையிலேயே படிந்தது. பிற்காலத்தில் பல்லாயிரவரைக் கட்டிப்போட்ட அவருடைய சொல்வன்மைக்கு அப்பள்ளியே விதையிட்டது எனலாம். பின்னர் டவுட்டன் கல்லூரியிற் பயின்று 1868-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். மாணவரின் அறிவுத்திறனை நன்கறிந்த கல்லூரித் தலைவர், இவரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சிவில் சர்வீசுத் தேர்வு எழுதச் செய்தல் வேண்டும் என்று தந்தையாருக்கு அறிவுறுத்தினார். தந்தையாரும் மகிழ்ந்து இசைந்தார்.

அக்காலத்தில் சிவில் சர்வீசு என்பது ஆங்கில ஆட்சியின் முதுகெலும்பு. மாவட்டங்களை ஆண்ட கலெக்டர்களும், மாவட்ட நீதிபதிகளும், அரசாங்கத்தின் உயர்ந்த செயலாளர்களும் பெரும்பாலும் அப்பணியைச் சேர்ந்தவர்களே. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இப்பதவிகள் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால், அவர்களுடைய உற்றார்க்கும் வேண்டியவர்க்கும் கிடைத்து வந்தன. 1853-இல் நிறைவேறிய சட்டம் அம்முறையை ஒழித்தது. 1855 முதல் போட்டித் தேர்வு நடைபெறலாயிற்று. சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால், இந்தியருக்கும் ஆங்கிலேயருக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஆனால் தேர்வு நடைபெற்ற இடம் இலண்டன் ஒன்றே. இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் அளித்த மதிப்பெண்கள் வடமொழிக்கும் அரபு மொழிக்கும் அளிக்கப்படவில்லை. வயது வரம்போ முதலில் 23 ஆக இருந்து, பின்பு 22 ஆகி, அதன்பின் 21 ஆகக் குறைந்துவிட்டது. கதவு திறந்திருந்தது உண்மை. அக்கதவை அடைவதற்குக் கடல் கடக்க வேண்டும், பொருள் வேண்டும், சாதிக் கட்டுப்பாட்டை மீறும் நெஞ்சுரம் வேண்டும். தேர்வு தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும் அதில் வெற்றி பெற்ற இந்தியர் ஒருவரே. அவர் 1863-இல் தேறிய சத்தியேந்திரநாத தாகூர். கவிஞர் இரவீந்திரநாதரின் தமையனார்.

கடற்பயணம் செய்தவன் சாதியை இழந்தான் என்று கருதப்பட்ட நாட்கள் அவை. ஆதலின், பயண ஏற்பாடுகள் எல்லாம் மறைவாகவே நடைபெற்றன. புறப்படுவதற்கு முதல் நாள்வரை தாயாருக்கும் செய்தி சொல்லப்படவில்லை. சொன்னபொழுது அவ்வம்மையார் மயங்கி விழுந்துவிட்டார். சுரேந்திரநாதருக்கு வழித்துணையாக இருவர் வாய்த்தனர். ஒருவர் ரொமேஷ் சந்திர தத்தர்; மற்றவர் பிகாரிலால் குப்தர். அவ்விருவர் நிலை இன்னும் கடினம். சுரேந்திரநாதருக்குத் தந்தையின் வாழ்த்தாவது இருந்தது. அவர்களோ வீட்டார் அறியாமலே வெளியேறினர். 1868-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் மூன்று இளைஞரும் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினர். சூயஸ் கால்வாய் அப்பொழுது திறக்கப்படவில்லை. சூயஸ் துறைமுகத்தில் இறங்கி, எகிப்து நாட்டை இரயிலிற் கடந்து, மீண்டும் மத்தியதரைக் கடலில் வேறு கப்பல் ஏறியே அந்நாளில் இங்கிலாந்து செல்லவேண்டும்.

இலண்டனில் அவர்கள் படித்த படிப்பு எளிதன்று. ஆங்கில மாணவர் இளமை முதல் பயின்ற பாடங்களை, இவர்கள் ஏறத்தாழ ஓராண்டிற்குள் அவர்களோடு போட்டியிடும் அளவுக்குக் கற்க வேண்டியிருந்தது. சுரேந்திரநாதர் இலத்தீன் ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். இலண்டன் பல்கலைக் கல்லூரிக்கும் சென்று பாடங் கேட்டார். அங்கே வடமொழிப் பேராசிரியராக இருந்தவர் கோல்ட்ஸ்டக்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர். மாணவரிடம் அன்பும், இந்திய நாட்டின் கல்வியிடம் மதிப்பும் உடைய அவருடைய உறவு, பின்னர் நேர்ந்த துன்பத்தில் சுரேந்திரநாதருக்குப் பெருந்துணையாயிற்று.

1869-ஆம் ஆண்டுத் தேர்வில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்தனர். முடிவு வெளியானபோது இலண்டனிலும் கல்கத்தாவிலும் வியப்பே மிகுந்தது. கல்கத்தாவிலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட மூவரும் தேறியிருந்தனர். அவர்களுள் ரொமேஷ் சந்திர தத்தர் மூன்றாம் இடத்தைப் பெற்றிருந்தார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீபாத பாபாஜி தாகூர் என்பவரும் வெற்றி பெற்றார். பதின்மூன்று ஆண்டுகளில் ஒருவரே தேறிய தேர்வில் ஒரே ஆண்டில் நால்வர்!

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சுரேந்திரநாதரிடமிருந்தும் ஸ்ரீபாதரிடமிருந்தும் வயதைப் பற்றி விளக்கம் கேட்டுத் தேர்வாணையாளர்களின் கடிதம் வந்தது. சுரேந்திரநாதர் 1863-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியபொழுது தம் வயது 16 எனக் குறித்திருந்தார். அக்கணக்கின்படி 1868-இன் இறுதியிலேயே அவருக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். அவ்வாறாயின் 1869-ஆம் ஆண்டுத் தேர்வில் அமர அவருக்குத் தகுதி இல்லை. சிவில் சர்வீசு விண்ணப்பத்திலோ அவர் 1848 நவம்பரிற் பிறந்ததாகக் குறித்திருந்தார். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருத்தல் வேண்டும் என்பது ஆணையாளர்களின் முடிவு.

இரண்டுமே மெய் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. இந்திய நாட்டில் வயதைக் கணக்கிடும் வழக்கு வேறு. பிள்ளை பிறந்தவுடன் அதற்கு முதலாம் ஆண்டு நடக்கிறது. பிறந்த நாள் வந்து ஓர் ஆண்டு நிறைந்ததும் இரண்டாம் ஆண்டு நடக்கத் தொடங்குகிறது. ஒரு வீட்டுப் பாட்டியைப் பேரனின் வயது என்னவென்று கேட்டால், அவனுக்குப் பதினாறு நடக்கிறது என்றே பெரும்பாலும் விடை கூறுவார். நடக்கும் ஆண்டைச் சொல்வது நம் வழக்கு. நிறைந்த ஆண்டைச் சொல்வது ஆங்கிலேயர் வழக்கு. 1863-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் சுரேந்திரநாதருக்குப் பதினைந்து நிறைந்து பதினாறு நடக்கத் தொடங்கியது. ஆதலால் அவ்வாண்டின் இறுதியில் 16 என்று எழுதினார். அவரோடு தேர்வு எழுதிய வங்க மாணவர் பலரும் அவ்வாறே எழுதியிருப்பர். உண்மையில் இலண்டன் தேர்வின்போது அவருக்கு வயது இருபதும் சில திங்களுமே. தேர்வுக்கு வேண்டிய தகுதியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இவ்விளக்கத்தை அவர் எழுதி அனுப்பினார். ஆணையாளர்கள் அதனை ஏற்கவில்லை. மாணவர் தம் கையாலேயே எழுதித் தந்த வயதை அவர்கள் பெரிதாகக் கொண்டது இயல்பே. ஆனால் அவர் கூறிய வழக்கு உண்மையா என்று இந்திய நாட்டிற் கேட்டு அறிவதற்கு முன்னரே இருவர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது இயல்பன்று, நீதியுமன்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போயிற்று. வீட்டையும் உறவையும் விட்டு, சாதியாரின் பழியையும் ஏற்று, கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர், வயதை மறைத்தவர் என்ற பழியுடன் திரும்ப வேண்டிய நிலை வந்தது. பதவி போனாற்கூடப் பொறுக்கலாம். பொய்யர் என்ற பெயரைச் சுமந்து எவ்வாறு ஊர் திரும்புவது?

சுரேந்திரநாதர் ஊர் திரும்பவில்லை. இலண்டனில் அரசியின் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இருபது வயதே நிறைந்த ஓர் இந்திய மாணவர், பேரரசின் ஆணையாளர்களை அப்பேரரசின் நீதிமன்றத்திற்கே அழைத்தார். அவருடைய சாதகக் குறிப்பு சான்றாயிற்று. கல்கத்தாவில் கற்றறிந்த பெரியோர் பலர், நடக்கும் ஆண்டையே வயதாகக் கூறுவது இந்நாட்டு வழக்கு என்று உறுதிமொழிப் பத்திரங்கள் எழுதி அனுப்பினர். அவர்களுள் ஈசுவர சந்திர வித்தியாசாகரரும் ஒருவர். கோல்ட்ஸ்டக்கரும் மாணவருக்காக வாதாடினார். 1869 ஜூன் திங்களில், இவரை நீக்கியதற்குக் காரணம் காட்டுமாறு நீதிபதிகள் ஆணையாளர்களுக்கு உத்தரவிட்டனர். தீர்ப்பு வரும்வரை ஆணையாளர்கள் காத்திருக்கவில்லை. தம் முடிவைத் தாமே மாற்றிக்கொண்டு, சுரேந்திரநாதரையும் ஸ்ரீபாதரையும் மீண்டும் பட்டியலிற் சேர்த்தனர்.

வழக்கில் வென்ற மகனைக் காணும் பேறு தந்தையாருக்குக் கிட்டவில்லை. மகன் இங்கிலாந்தில் இருக்கும்பொழுதே, 1870-இல் துர்க்காசரணர் மறைந்தார். எஞ்சிய தேர்வுகளையும் முடித்துக்கொண்டு சுரேந்திரநாதர் 1871-இல் தாயகம் திரும்பினார். சாதியார் சிலர் அவர் வீட்டில் உண்பதை நிறுத்தினர். பிரிவின்போது மயங்கி விழுந்த தாயாரோ மகனை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் சில்ஹட் மாவட்டத்தில் உதவி மாஜிஸ்டிரேட்டாக அமர்ந்தார். இன்று அவ்வூர் வங்காளதேசத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் பணி அமைதியாக நடந்தது. நாளடைவில் மேலதிகாரியாகிய ஆங்கிலேயருக்கும் அவருக்கும் உள்ள உறவு கெட்டது. படகுத் திருட்டு வழக்கு ஒன்று நெடுநாள் முடிவு பெறாமல் இருந்தது. அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓடி ஒளிந்தவர் அல்லர். ஆயினும் தலைமறைவானோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கும் உத்தரவொன்றில் சுரேந்திரநாதரின் கையெழுத்து இருந்தது. எழுத்தர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்த தாள்களோடு அதுவும் வந்தது என்றும், வழக்கம்போல் கையெழுத்திட்டதன்றித் தாம் வேறொன்றும் அறியார் என்றும் அவர் விளக்கினார். தாளைப் படியாமற் கையெழுத்திட்டது பிழைதான். இளம் அதிகாரிகள் பலரும் செய்யும் பிழை. அதிகாரிகளோ அதனை வேண்டுமென்றே செய்த பொய்யென்று கொண்டனர். விசாரணைக் குழு சில்ஹட்டிலேயே கூடியது. விசாரணையைக் கல்கத்தாவில் நடத்த வேண்டும் என்ற அவருடைய வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 1874-இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இரக்க உதவியாக மாதம் 50 ரூபாய் அளிக்க ஆணை பிறந்தது. முன்பு பொய்யர் என்ற பழியைத் துடைத்தெறிந்தவர்மீது மீண்டும் அதே பழி விழுந்தது. இம்முறை அதைத் துடைக்க நீதிமன்றமும் இல்லை.

அவர் மீண்டும் இலண்டன் சென்று இந்தியா அலுவலகத்தில் முறையிட்டார், பயனில்லை. பாரிஸ்டர் ஆகலாம் என்று முயன்றார். பணிநீக்கத்தைக் காரணம் காட்டி அவ்வழியும் அடைக்கப்பட்டது. அரசாங்கப் பணியும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை என்றால், ஆங்கிலம் கற்ற இந்தியருக்கு அந்நாளில் எஞ்சிய வழிகள் மிகச் சிலவே. அவர் ஓராண்டுக் காலம் இலண்டனில் தங்கி, காலை முதல் இரவு வரை நூல்களிற் கழித்தார். பர்க்கின் சொற்பொழிவுகளையும், இத்தாலி நாட்டின் விடுதலைக்கு உழைத்த மாஜினியின் வரலாற்றையும் ஊன்றிப் படித்தார். தமக்கு நேர்ந்த தீங்கு தம் ஒருவருக்கு நேர்ந்ததன்று, குரலற்ற ஒரு நாட்டில் பிறந்தவர் யாவர்க்கும் நேரக்கூடியது என்னும் எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1875-இல் வெறுங்கையோடு கல்கத்தா வந்தவருக்கு வித்தியாசாகரர் மறுபடியும் கைகொடுத்தார். தம்முடைய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கிலப் பேராசிரியர் பதவி தந்தார். மாவட்டத்தை ஆளவேண்டியவர் மாணவரிடையே வந்து நின்றார். பின்பு அவரே ஒரு பள்ளியை ஏற்று அதனைக் கல்லூரியாக வளர்த்தார். ரிப்பன் கல்லூரி என்று பெயர் பெற்ற அது, இன்று சுரேந்திரநாத் கல்லூரி என்று அவர் பெயராலேயே விளங்குகிறது. சில்ஹட்டில் ஒரு கையெழுத்தினால் ஒரு பதவி போயிற்று. அதனால் வங்கநாட்டு இளைஞர் பல தலைமுறையினர்க்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

1876-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஆனந்தமோகன் போஸ் முதலிய நண்பர்களுடன் கூடி இந்தியன் அசோசியேஷன் என்னும் சங்கத்தை அவர் கல்கத்தாவில் நிறுவினார். அன்று காலையில்தான் அவருடைய மகன் இறந்தான். துயரத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு மாலையில் அவர் கூட்டத்திற்கு வந்தார்.

அச்சங்கம் தோன்றிய ஆண்டிலேயே அதற்கேற்ற பெரும்பணி வந்து சேர்ந்தது. சிவில் சர்வீசுத் தேர்வுக்குரிய உயர்ந்த வயதை 21-இலிருந்து 19 ஆகக் குறைப்பதென்று, இந்தியா மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு முடிவு செய்தார். இரண்டு ஆண்டுதானே என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் நினைக்கலாம். இந்திய மாணவர் ஒருவர் தம் நாட்டிற் பட்டம் பெறும்போது ஏறத்தாழ இருபது வயதாகிவிடும். பத்தொன்பது நிறையுமுன் இலண்டனில் தேர்வு எழுத வேண்டுமானால், அவர் பதினைந்து பதினாறு வயதிலேயே தாய்தந்தையரைப் பிரிந்து, மொழியும் பழக்கமும் வேறான நாட்டிற்குச் சென்றிருக்க வேண்டும். தேர்ந்து வருவோமா என்னும் உறுதியும் இல்லை. தேறாவிடில் இங்குள்ள பட்டமும் இல்லை. எந்தத் தந்தை துணிந்து அனுப்புவார்? இந்தியர் இத்தேர்வு எழுதலாகாது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

வயதின் பெயரால் ஒரு முறை வாயில் அடைக்கப்பட்டவர் சுரேந்திரநாதர். அவருக்கு இதன் பொருள் மற்றவரைக் காட்டிலும் விரைவில் விளங்கியதில் வியப்பில்லை. ஆனால் இப்பொழுது அவருக்கு இதில் தன்னலம் ஒரு சிறிதும் இல்லை. அவர் அப்பணியினின்றும் நீக்கப்பட்டவர். வயதை எவ்வளவு உயர்த்தினும் அவருக்குப் பயனில்லை. தாம் இனி நுழைய முடியாத வாயிலைப் பிறர்க்குத் திறந்துவைக்க அவர் எழுந்தார். 1877 மார்ச்சு 24-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங்கூட்டம் நடைபெற்றது. வயது வரம்பு உயர்த்தப்பட வேண்டும், தேர்வு இலண்டனில் நடைபெறும்போதே இந்தியாவிலும் நடைபெற வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள்.

கல்கத்தாவின் குரல் மட்டும் போதாது என்று கருதிய சங்கம், அவரை வடநாடு முழுவதும் சுற்றி வருமாறு அனுப்பியது. மே திங்கள் இறுதியில் புறப்பட்டார். கோடைக் காலத்து வடநாட்டு வெயிலில், இரயில் வண்டியில், ஊர் ஊராகச் சென்றார். ஆக்ரா, டில்லி, மீரட், அமிர்தசரஸ், லாகூர், லக்னோ, கான்பூர், அலகாபாத், காசி எனப் பல நகரங்களிற் பேசினார். அலிகாரில் நடந்த கூட்டத்திற்குச் சர் சையது அகமது கான் தலைமை தாங்கினார். ஆங்கிலேயர் தம் வாணிபத்துக்கும் படைக்கும் இட்ட இருப்புப் பாதை, அவர்களுக்கு எதிரான கோரிக்கையையும் நகருக்கு நகர் சுமந்து சென்றது. வங்காளியர், இந்துஸ்தானியர், பஞ்சாபியர், இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர் என்னும் வேறுபாடின்றி ஒரே பொருளைப் பற்றி ஒரே தீர்மானத்தை நிறைவேற்றினர். அடுத்து வந்த பனிக்காலத்தில் பம்பாய், புனா, சூரத்து, அகமதாபாத்து ஆகிய நகரங்களுக்கும் சென்னைக்கும் அவர் வந்தார். தென்னாடு கொடிய பஞ்சத்தினால் நைந்திருந்த காலம் அது. சென்னையில் பெரும் பொதுக்கூட்டம் கூடவில்லை. நகரத்துப் பெரியோர் சிலர் ஒன்றுகூடி அவருடைய கருத்தைக் கேட்டனர். பேராய இயக்கம் தோன்றுவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு நாடு தழுவிய கிளர்ச்சியொன்று நடந்தது என்பதையும், அதன் பொருள் ஒரு தேர்வின் வயது வரம்பு என்பதையும் இன்று பலர் அறியார்.

எழுந்த கோரிக்கை ஒரே விண்ணப்பமாக வரையப்பட்டது. அதனை ஆங்கிலப் பாராளுமன்றத்தில் சேர்ப்பிக்க 1879-இல் லால்மோகன கோஷ் என்னும் பாரிஸ்டர் அனுப்பப்பட்டார். ஜான் பிரைட்டு தலைமையில் இலண்டனில் அவர் பேசிய பேச்சு கேட்டோர் உள்ளத்தைக் கவர்ந்தது. இந்தியர் சிலரைத் தேர்வின்றி நியமனத்தால் உயர்பதவிகளிற் சேர்க்கும் விதிகள், நெடுங்காலம் கிடப்பிற் கிடந்தவை, அப்பேச்சு நிகழ்ந்த 24 மணி நேரத்திற்குள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. இது கேட்ட நீதியன்று, கொடுத்த சலுகை. போட்டியில் வென்று பெறும் பதவிக்கும், தயவினாற் பெறும் பதவிக்கும் உள்ள வேற்றுமையை நாட்டார் அறிந்திருந்தனர். ஆதலின் அம்முறை எவரையும் நிறைவு செய்யாமல் சில ஆண்டுகளில் மறைந்தது.

சுரேந்திரநாதர் விடவில்லை. பெங்காலி என்னும் பத்திரிகையை ஏற்று நடத்தினார். அதில் நீதிபதி ஒருவரைக் கண்டித்து எழுதியதற்காக 1883-இல் இரண்டு திங்கள் சிறையில் இருந்தார். 1895-இலும் 1902-இலும் காங்கிரசின் தலைவரானார். 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது அதனை எதிர்த்த கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார். அவருடைய பெயரின் ஒலியையே ஆங்கிலச் சொற்களாகப் பிரித்து, பணியாதவர் என்று பொருள்படும்படி மக்கள் அவரை அழைக்கலாயினர். இவ்வளவுக்கும் இடையே தேர்வைப் பற்றிய கோரிக்கையும் காங்கிரசு மாநாடுகளில் ஆண்டுதோறும் ஒலித்துக்கொண்டே இருந்தது. 1890-இல் காங்கிரசின் தூதுக்குழுவில் ஒருவராக மூன்றாம் முறை இங்கிலாந்து சென்று அங்குள்ள மக்களிடையே இந்திய நாட்டின் குறைகளை எடுத்துரைத்தார்.

பயன் மெல்ல மெல்லவே வந்தது. 1886-இல் அமைக்கப்பட்ட குழுவொன்றின் பரிந்துரைப்படி, வயது வரம்பு 1892 முதல் 23 ஆக உயர்ந்தது. இரு நாடுகளிலும் ஒரே காலத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்று 1893-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை தீர்மானித்தது; அரசாங்கம் அதனை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதன்பின் ஒரு தலைமுறையே கழிந்தது. கல்கத்தா மண்டபத்தில் கோரிக்கை எழுந்து 45 ஆண்டுகள் சென்றபின், 1922-ஆம் ஆண்டில், சிவில் சர்வீசுத் தேர்வு முதன்முறையாக இந்திய மண்ணில், அலகாபாத்து நகரில் நடைபெற்றது.

அப்பொழுது சுரேந்திரநாதருக்கு வயது எழுபத்துமூன்று. நம் நாட்டு வழக்கின்படி சொன்னால் எழுபத்துநான்கு நடந்துகொண்டிருந்தது. முன்பு அவரைப் பணிநீக்கம் செய்த அரசாங்கத்தில் அவர் அமைச்சராக அமர்ந்திருந்தார். 1921 முதல் வங்க மாகாணத்தின் உள்ளாட்சித் துறையை ஏற்று, கல்கத்தா நகராட்சியைப் பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்தோரிடம் ஒப்படைக்கும் சட்டத்தை 1923-இல் நிறைவேற்றினார். அதற்குள் காலம் மாறிவிட்டது. ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்ட புதிய தலைமுறைக்கு, அவர் அமைச்சுப் பதவி ஏற்றதும் சர் பட்டம் பெற்றதும் பிடிக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தேர்தலில், அரசியலுக்குப் புதியவராகிய மருத்துவர் பிதான் சந்திர ராய் அவரைத் தோற்கடித்தார்.

அதன்பின் பாரக்பூரில் கங்கைக் கரையிலுள்ள தம் இல்லத்திலிருந்து தம் வரலாற்றை எழுதி முடித்தார். நுழைவுத் தேர்வில் எழுதிய வயதும், இலண்டன் வழக்கும், சில்ஹட்டுக் கையெழுத்தும் அதில் ஒன்றும் மறைக்கப்படாமல் இடம்பெற்றன. அந்நூல் வெளிவந்த 1925-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், அவர் அவ்வில்லத்தில் உயிர்நீத்தார்.